கதவுநிலையில் ஒரு கோடு: மகாவலிப் பெருவெள்ளங்களின் நினைவும் கணக்கும்

மூதூருக்குத் தெற்கே, மகாவலி கங்கையின் வண்டல் படிந்த சிற்றூர் ஒன்றிலே எங்கள் அப்பப்பா கட்டிய வீடு இன்றும் இருக்கிறது. 1990இலும் 2006இலும் அவ்வீட்டைக் கைவிட்டு எங்கள் குடும்பத்தார் இடம்பெயர்ந்தார்கள். கூரை இரு தடவைகள் போயிற்று. சுவர்கள் இரு தடவைகள் மீளக் கட்டப்பட்டன. ஆயினும் முன்வாசலின் முதிரைமரக் கதவுநிலை மட்டும் பழையபடியே நிற்கிறது. அதன் இடப்புறக் காலில், நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு முழ உயரத்தில், உளியால் வெட்டப்பட்ட கோடொன்று உண்டு. 1957 டிசம்பர் வெள்ளம் ஏறி நின்ற மட்டத்தை அப்பப்பா அவ்வாறு குறித்து வைத்தார். அப்பொழுது பெரியப்பாவுக்கு ஒன்பது வயது.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கோடு ஒரு சாசனம் போன்றது. மார்கழி மழை அடைத்துப் பெய்யும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, "ஐம்பத்தேழு வெள்ளமே இதுக்கு மேல ஏறயில்ல" என்று சொல்வார். அந்த வாக்கியத்தைக் கேட்டு நாங்கள் அச்சம் நீங்கி உறங்கியிருக்கிறோம்.

2025 நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி இலங்கையை ஊடறுத்தபோது, கொழும்பிலிருந்து நான் பெரியப்பாவுடன் தொலைபேசியில் பேசினேன். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து அறிவித்துச் சென்றதாகவும், அயலவர்கள் பாடசாலைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். "நீங்கள் ஏன் போகவில்லை, பெரியப்பா?" என்றேன். "கோட்டுக்கு இன்னும் ஒரு முழம் கிடக்கு, மகன். இதென்ன வெள்ளம்?" என்றார். அதன்பின் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. மறுநாள் பொழுது விடிவதற்கு முன்னர் மூதூர் மீனவர்கள் இயந்திர வள்ளத்தில் வந்து, மேசைக்கு மேல் கதிரை வைத்து அதன்மேல் அமர்ந்திருந்த அவரை மீட்டார்கள். தண்ணீர் கோட்டுக்கு மேல் ஒரு சாணும் நாலு விரலும் ஏறியிருந்தது.

எழுபத்தேழு வயது முதியவர் ஒருவரை மரணத்தின் வாசல்வரை கொண்டு சென்றது கங்கை மட்டுமன்று. அந்தக் கோட்டின்மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையுந்தான். இக்கட்டுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது. பெரியப்பாவைக் குறை சொல்லும் அருகதை எனக்கில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது செய்தியாளனாக அப்பகுதிக்குச் சென்ற நான், "வரலாறு காணாத வெள்ளம்" என்று எழுதினேன். அன்று கிழக்கிலும் வடமத்தியிலும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதே நாளில் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு சாண் கீழே நின்றது. எந்த வரலாறு காணாத வெள்ளம் என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கங்கை வரும் வழி

மகாவலி இலங்கையின் மிக நீண்ட ஆறு. மத்திய மலைநாட்டிலே தோன்றி, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழைநீர் இந்த ஆற்றிலேயே வந்து சேர்கிறது. கந்தக்காட்டுக்கு அருகில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே குடாவை அடைகிறது. மற்றையது வெருகல் ஆறு என்ற பெயருடன் கிழக்கே திரும்பி, சித்திர வேலாயுதர் கோயில் கொண்டுள்ள வெருகலில் கடலைச் சேர்கிறது. இவ்விரு கிளைகளுக்கும் இடைப்பட்ட தாழ்நிலமே சேருவில, ஈச்சிலம்பற்று, தோப்பூர், மூதூர்ப் பகுதிகளின் வயல்வெளி.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கலைப்பட்டம் பயின்ற நாட்களில், வளாகத்தினூடாக ஓடும் அதே கங்கையைத் தினமும் கடந்து விரிவுரைக்குச் சென்றேன். பேராதனையில் ஆறு பெருகுவது பெரும்பாலும் தென்மேல் பருவமழையில். எங்கள் ஊரிலோ வாடைக்காற்றுக் காலத்தில். மேல்முனைக்கு ஒரு பருவம், கீழ்முனைக்கு ஒரு பருவம் என இரு மழைகளுக்கும் உரிய ஆறு இது. ஆண்டின் இறுதியில் வங்கக் கடலிலிருந்து வரும் தாழமுக்கம் ஒன்று கீழ்நிலத்தோடு நிற்காமல் மலைநாட்டிலும் ஏறிக் கொட்டினால், முழு ஆறும் ஒரே நேரத்தில் பெருகும். டித்வா செய்தது அதையே. நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய அச்சூறாவளி மெதுவாக நகர்ந்தபடியால், கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்தது. மலைநாட்டில் மண்சரிவுகள் ஊர்களை மூடின. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்தத் தண்ணீர் இறங்கிவரும் வழி மன்னம்பிட்டி. அதன்பின் சோமாவதி, கந்தக்காடு, வெருகல். நவம்பர் 30ஆம் திகதி மாவிலாற்றின் அணைக்கரை உடைப்பெடுத்தது. மாவிலாறு என்ற பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. 2006 ஜூலையில் அங்கே துருசு மூடப்பட்டுக் கீழ்நிலத்து வயல்களுக்குத் தண்ணீர் தடைப்பட்டதைத் தொடர்ந்தே இறுதிக்கட்ட யுத்தம் மூண்டது. அதனால் ஓகஸ்ட் மாதம் மூதூரே வெறிச்சோடியது. தண்ணீர் வரவில்லை என்பதற்காக யுத்தம் தொடங்கிய அதே இடத்தில், பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வந்தது. இரண்டு தடவையும் ஊரைவிட்டு ஓடியவர்கள் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமான அதே கமக்காரக் குடும்பங்களே.

இரண்டு நொக்ஸ்கள்

கொட்டியாரத்தின் வரலாற்றை எழுதுவோர் எவரும் றொபேட் நொக்ஸைத் தவிர்ப்பதில்லை. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கடலில் வீசிய புயலிலே பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சீர்செய்வதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பலின் தலைவரும் அவருடைய மகனும் வேறு சிலரும் கண்டி மன்னனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டனர். அந்த மகனே றொபேட் நொக்ஸ். ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய தமது நூலை இலண்டனில் வெளியிட்டார். மூதூரில் அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மரத்தடியை ஊரவர் இன்றும் காட்டுவர். மகாவலியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மழைக்காலத்தில் அதன் நீரோட்டம் எத்துணை வலியது என்பதை அவர் கண்டிருந்தார். ஆனால் எந்த ஆண்டில் எவ்வளவு உயரத்துக்கு வெள்ளம் ஏறியது என்ற குறிப்பை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஒரு மனிதனின் இருபது ஆண்டுகள் ஆற்றின் ஆயுளில் ஒரு பொழுது.

எனக்கு இங்கே இன்னொரு நொக்ஸ் நினைவுக்கு வருகிறார். ஜேம்ஸ் நொக்ஸ், அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர். கொட்டியாரத்து நொக்ஸுக்கும் இவருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதிக் கிளையாறுகளில், வெள்ளம் கரைமீறிப் பாய்ந்தபோது விட்டுச்சென்ற படிவுகளை இவர் ஆராய்ந்தார். பெரிய வெள்ளம் பெரிய கற்களை உருட்டிக்கொண்டு வரும். சிறிய வெள்ளத்தால் அது முடியாது. படிவிலுள்ள மிகப் பெரிய கற்களின் அளவைக் கொண்டு வெள்ளத்தின் ஆழத்தைக் கணக்கிடலாம். அதே படிவுகளிலுள்ள கரிமப் பொருள்களைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். இவ்வாறு 7,000 ஆண்டு வெள்ளங்களின் வரலாற்றை அவர் மண்ணிலிருந்து வாசித்தார். 1993இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அம்முடிவுகள் வெளியாயின.

அவர் கண்டது இதுதான். இன்றைக்கு ஏறத்தாழ 5,000 முதல் 3,300 ஆண்டுகளுக்கு முன், அப்பகுதி வெப்பமும் வறட்சியும் கொண்டதாக இருந்த காலத்தில், மிகப் பெரிய வெள்ளங்கள்கூட இன்று 50 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் வெள்ளத்தின் அளவையே எட்டின. பின்னர் காலநிலை சற்றுக் குளிர்ந்து ஈரமானதும், இன்று 500 ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் எதிர்பார்க்கப்படும் அளவான வெள்ளங்கள் அடிக்கடி வரலாயின. கி.பி. 1250க்கும் 1450க்கும் இடையே, காலநிலை மீண்டும் ஒருமுறை மாறியபோது, அவற்றிலும் பெரிய வெள்ளங்கள் வந்தன. இந்தத் தலைகீழ் மாற்றங்களுக்கெல்லாம் பின்னணியில் இருந்த காலநிலை மாற்றம் எவ்வளவு தெரியுமா? சராசரி வெப்பநிலையில் 1 முதல் 2 பாகை. சராசரி மழையில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேற்படாத வேறுபாடு. அவ்வளவே.

இந்த முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே வெப்பம் கூடிய காலத்தில் வெள்ளம் சிறுத்தது, குளிர்ந்த காலத்தில் பெருத்தது. ஆகவே உலகம் வெப்பமானால் வெள்ளம் குறையும் என்று யாரேனும் வாதிடக்கூடும். அது தவறு. ஒவ்வோர் ஆற்றுக்கும் மழை வரும் வழி வேறு. மிசிசிப்பிக்குப் பனி உருகலும் உண்டு; நமக்குப் பருவக்காற்றும் வங்கக் கடற் சூறாவளியும். நொக்ஸின் ஆய்வு நமக்குக் கற்பிப்பது திசையை அன்று, அளவுப் பொருத்தத்தை. சராசரி சிறிதளவு நகர்ந்தாலும் உச்சங்கள் பெரிதும் நகரும். சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஆபத்து கண்ணில் படாது.

பத்துக்கு இருபது

சிறிய மாற்றம் பெரிய வெள்ளமாவது எப்படி என்பதை ஒரு கமக்காரருக்கு எளிதில் விளக்கலாம். ஒரு புயலில் 200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்று கொள்வோம். அதில் 100 மில்லிமீற்றரை மண்ணும் குளங்களும் குடிக்கின்றன. மீதி 100 ஆற்றுக்கு வருகிறது. இப்பொழுது மழை பத்து வீதம் கூடி 220 ஆகிறது. மண் குடிக்கும் அளவு கூடப்போவதில்லை. அது 100 தான். ஆற்றுக்கு வருவது 120. மழை கூடியது பத்து வீதம், ஆற்று வெள்ளம் கூடியது இருபது வீதம். ஐப்பசி மழையில் மண் ஏற்கெனவே ஊறிக் குளங்கள் வான் பாயும் நிலையில் இருந்தால் கணக்கு வேறு. பெய்வதில் பெரும்பகுதி நேரே ஆற்றுக்குத்தான்.

மழை ஏன் கூடவேண்டும்? வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் காற்று தாங்கும் என்பது பௌதிகவியலின் பழைய விதி. கைத்தொழில் யுகத்துக்கு முந்திய நிலையோடு ஒப்பிடும்போது உலகின் சராசரி வெப்பநிலை ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் கூடிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி ஒன்றரைப் பாகையையும் தாண்டியது. வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 1 பாகை சூடாகியிருப்பதாக 2020இல் வெளிவந்த இந்திய அரசின் காலநிலை மதிப்பீடு கூறுகிறது. ஜேம்ஸ் நொக்ஸ் மண்ணில் வாசித்த பெரும் மாற்றங்களுக்குக் காரணமாயிருந்த அதே 1 முதல் 2 பாகை என்ற எல்லைக்குள் நாம் இன்று நிற்கிறோம். அவை பல தலைமுறைகளில் நடந்த மாற்றங்கள். இதுவோ பெரியப்பாவின் ஒரே ஆயுளுக்குள் நடந்திருக்கிறது.

டித்வாவின் பின்னர் பன்னாட்டு விஞ்ஞானிகளின் குழு ஒன்று இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. உலகம் 1.3 பாகை வெப்பமடைந்துள்ள இக்காலத்தில், இலங்கையில் ஐந்து நாட்களில் பெய்யும் மிகை மழை 28 முதல் 160 சதவீதம் வரை கடுமையாகியிருப்பதாக அளவீடுகளைக் கொண்டு அக்குழு மதிப்பிட்டது. இந்த வீச்சு மிக அகலமானது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கணினி மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத காரணத்தால், அதில் மனிதரால் விளைந்த காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாக வகுத்துரைக்க அவர்களால் முடியவில்லை. அதை மறைக்காமல் சொன்னதற்காகவே நான் அவர்களை நம்புகிறேன். எங்கள் பத்திரிகைத் தலைப்புகளில் அந்த நேர்மை பெரும்பாலும் இருப்பதில்லை.

கோடு ஏன் பொய்த்தது?

எனினும், எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் ஒரு சாண் கூடுதலாக ஏறியதற்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று எழுதிவிட்டால் அதுவும் ஒரு சோம்பேறித்தனம். 1957க்கும் 2025க்கும் இடையே வானம் மட்டும் மாறவில்லை. ஆறும் நிலமும் மாறிவிட்டன.

1957 டிசம்பரில் மகாவலியில் பெரிய அணை எதுவும் இருக்கவில்லை. அந்த வெள்ளத்திலே கலாவெவ உட்பட வரண்ட வலயத்தின் குளங்கள் பல உடைந்தன. கங்கை தன் போக்கில் பாய்ந்தது. அதன்பின் 1976இல் பொல்கொல்ல, 1985இல் விக்டோரியாவும் கொத்மலையும், 1986இல் ரந்தெனிகல, 1990இல் ரந்தம்பை, 2018இல் அம்பன் கங்கையில் மொரகஹகந்த என அணைகள் எழுந்தன. இவை சாதாரண வெள்ளங்களைப் பெரிதும் அடக்கின. எங்கள் ஊரில் முன்னர் ஆண்டுதோறும் முற்றம்வரை வந்த தண்ணீர், நான் வளர்ந்த காலத்தில் அரிதாகிவிட்டது. அதனால் மக்கள் கங்கையை நோக்கி நகர்ந்தார்கள். முன்னர் மேடு தேடிக் கட்டிய வீடுகளைப் பள்ளத்திலும் கட்டினார்கள். சிறு வெள்ளங்களைத் தடுக்கும் அணை, பெரு வெள்ளத்தின் நினைவையும் அழித்துவிடுகிறது. அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையையோ, நீர்த்தேக்கங்கள் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட்ட பின்னர் வரும் நீரையோ அவை தடுக்கமாட்டா.

மன்னம்பிட்டிக்குக் கீழே ஆற்றின் இருமருங்கும் 'வில்லு' எனப்படும் தாழ்ந்த நீர்நிலைகள் உண்டு. வெள்ள காலத்தில் கங்கை அவற்றை நிரப்பிவிட்டுத்தான் கீழே வரும். கோடையில் அவை புல்வெளியாகி மாடுகளுக்கும் யானைகளுக்கும் உணவளிக்கும். அவை ஆற்றின் இயற்கையான களஞ்சியங்கள். அவற்றிலே எவ்வளவு தண்ணீர் தங்குகிறதோ அவ்வளவு தண்ணீர் மூதூருக்குத் தாமதித்து வரும். அவற்றின் ஓரங்களில் ஒவ்வோர் ஏக்கராக வேலி விழும்போது, அந்தத் தாமதம் குறைகிறது. அதேபோல, எங்கள் பகுதியில் யுத்தத்தின் பின்னர் வீதிகள் உயர்த்தப்பட்டன. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப்பாதைக்காகக் காத்துக் கிடந்த தலைமுறையினர் மகிழ்ந்தோம், நானும் மகிழ்ந்தேன். ஆயினும் உயர்ந்த வீதி எதுவும் வெள்ளத்துக்கு ஓர் அணையே. மதகுகள் போதாதவிடத்துத் தண்ணீர் ஒரு புறத்தில் ஏறி நிற்கும்.

ஆக, அப்பப்பா வெட்டிய கோடு ஒரு வானத்தையும் ஓர் ஆற்றையும் ஒரு நிலத்தையும் குறித்தது. அம்மூன்றில் எதுவும் இன்று இல்லை. கோடு மட்டும் இருந்தது.

வானத்தைப் பழி சொல்லவே முடியாத அனர்த்தமும் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று பெருமழையும் இல்லை, புயலும் இல்லை. குளக்கோட்டன் கதையோடு பிணைந்த, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான குளம் அது. இத்தனை காலம் நின்ற கட்டு இனியும் நிற்கும் என்ற நம்பிக்கையும் ஒரு கதவுநிலைக் கோடே.

பொறியியலாளரின் கோடு

கிராமத்து முதியவரின் கணக்கு இது, படித்தவர்களின் கணக்கு வேறு என்று நினைத்துவிட வேண்டாம். பாலங்களும் அணைக்கரைகளும் 'நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்' என்பது போன்ற அளவுகளை வைத்தே அமைக்கப்படுகின்றன. நூறு ஆண்டு வெள்ளம் ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறு ஆண்டு வராது என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. முப்பது ஆண்டுகள் ஒருவர் ஒரு வீட்டில் வாழ்ந்தால், அக்காலத்தில் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். காலநிலை மாறி, அதே வெள்ளம் 25 ஆண்டுக்கு ஒன்றாகிவிட்டால், அவ்வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதமாக உயர்கிறது. வீடு அதே வீடு. வரைபடமும் அதே வரைபடம்.

இந்த அளவுகள் எங்கிருந்து வருகின்றன? கடந்தகாலப் பதிவுகளிலிருந்து. இலங்கையின் மழைமானிப் பதிவுகள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீளமானவை; ஆற்று நீர்மட்டப் பதிவுகள் அதைவிடக் குறுகியவை. 7,000 ஆண்டுகளை வாசித்த நொக்ஸின் கண்ணுக்கு இவை ஒரு பக்கம்கூட இல்லை. பெரியப்பா 68 ஆண்டுப் பழைய கோட்டை நம்பினார். நாடு அதைவிடச் சற்றே நீண்ட கோட்டை நம்புகிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் நினைப்பு ஒன்றே: நேற்றைய எல்லைதான் நாளைய எல்லை என்பது.

நம்மிடம் நீண்ட ஏடு இல்லாமலும் இல்லை. மகாவலியின் ஊற்றுக்கண்களுள் ஒன்றான ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணிலே புதைந்திருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து, கடந்த 24,000 ஆண்டுகளின் காலநிலையை ரத்னசிறி பிரேமதிலக முதலான ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வறண்ட யுகங்களும் மழை மிகுந்த யுகங்களும் அங்கே மாறி மாறி வந்துள்ளன. நருமதை ஆற்றின் பாறை இடுக்குகளில் படிந்த வண்டலைக் கொண்டு 1,700 ஆண்டு வெள்ள வரலாற்றை இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். மன்னம்பிட்டிக்குக் கீழேயுள்ள வில்லுகளின் அடிமண்ணிலும் கங்கை தன் வெள்ளங்களை அடுக்கடுக்காக எழுதி வைத்திருக்கக்கூடும். அதை வாசிக்கத் தொடங்குவதற்குப் பேராதனையிலும் கிழக்கிலும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

மூதூர், கிண்ணியா, வெருகல், சேருவில ஊர்களிலே எங்கள் வீட்டைப் போல எத்தனை கதவுநிலைகள், கிணற்றுக்கட்டுகள், கோயில் தூண்கள், பள்ளிவாசற் சுவர்கள் வெள்ளத்தின் குறியைத் தாங்கி நிற்கின்றனவோ! இக்கட்டுரையை வாசிக்கும் புலம்பெயர்ந்த உறவுகள் தத்தம் வீட்டு முதியவர்களிடம் கேட்டு, ஆண்டையும் உயரத்தையும் எழுதி வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அவை விலைமதிப்பற்ற சான்றுகள். ஆனால் அவற்றைச் சான்றாகவே வைத்திருக்க வேண்டும். உத்தரவாதமாக ஆக்கிவிடக் கூடாது. 'இவ்வளவு ஏறியது' என்று சொல்ல மட்டுமே அந்தக் கோட்டுக்கு உரிமை உண்டு. 'இதற்கு மேல் ஏறாது' என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. நாங்கள்தான் அதன் வாயில் அச்சொல்லை வைத்தோம்.

2026 தைப்பொங்கலை ஒட்டி ஊருக்குப் போனேன். பெரும்போக வயல்கள் மணல்மேடாகக் கிடந்தன. வீட்டுச் சுவரில் சேற்றின் வரி இன்னும் அழியவில்லை. கதவுநிலையில், பழைய கோட்டுக்கு ஒரு சாணும் நாலு விரலும் மேலே புதிய கோடொன்று வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் திகதியைச் செதுக்கித் தருமாறு பெரியப்பா என்னிடம் உளியைத் தந்தார். செதுக்கினேன். வெட்டி முடித்ததும் அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா இதைப் பார்த்திருந்தா நம்பியிருக்க மாட்டார்" என்றார்.

வாசலுக்கு உள்ளே, ஆணியில் ஒரு பை தொங்கியது. அடையாள அட்டை, காணி உறுதி, மருந்துகள், ஒரு மின்சூள். "அடுத்த முறை ஒலிபெருக்கி கேட்டா நான் கோட்டைப் பார்க்கமாட்டன், மகன். பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருவன்" என்றார்.